ராத்திரி டியூட்டிக்கு ஆள் உண்டா? அவசர டாக்டர் ஏற்பாட்டுச் சேவை பற்றி ஒரு ஆஸ்பத்திரி மேனேஜர்

மதுரையில் இருந்துகொண்டு தென் மாவட்டத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அவசரத்துக்கு டியூட்டி டாக்டர் அனுப்பிவைக்கும் ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. ராத்திரி டியூட்டிக்கு மட்டும் என்றால் நாலரையே கொடுக்கலாம். பெயர் போடவில்லை. குறையும் எழுதப்போகிறேன், பெயரோடு எழுதினால் அடுத்த தீபாவளிக்கு எங்களுக்கு ஆள் கிடைக்காது. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் நர்சிங் ஹோம் நடத்துகிறவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று பாதி படிக்கும்போதே பிடிபட்டுவிடும்.

நான் கோவில்பட்டியில் 40 படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் மேனேஜர். பெரிய டாக்டர் ஜென்ரல் சர்ஜன். அவர் மகன் சின்ன டாக்டர், எம்.டி. மெடிசின். மருமகள் மகப்பேறு பார்க்கிறார். பகலில் இவர்கள் மூவரும் ஒரு டியூட்டி டாக்டரும் போதும். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை கேஷுவாலிட்டி, வார்டு, ஐந்து படுக்கை ஐ.சி.யூ. மூன்றையும் பார்ப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்த ஒரே ஒரு டியூட்டி டாக்டர். சாயங்காலம் ஆறரைக்கு அவரிடமிருந்து "சார், ஃபீவர், இன்னைக்கு வர முடியல" என்று வாட்ஸ்அப் வந்தால், அடுத்த ஒன்றரை மணி நேரம் ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

டியூட்டி டாக்டர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.ஜி. என்கிற மேற்படிப்பு சீட்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைகள். அவர்கள் நாள்காட்டியை நாம் நடத்தவில்லை, அந்த சீட்டுக்கான நுழைவுத் தேர்வு நீட் பி.ஜி. நடத்துகிறது. 2024-ல் ஜூன் 23 தேர்வு என்றார்கள். எங்கள் டியூட்டி டாக்டர் இருவரும் மாதம் பிறந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி தள்ளிவைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. பிறகு ஆகஸ்ட் 11-ல் நடத்தினார்கள். அதற்கும் அதே லீவு, கூடவே ஆந்திராவில் சென்டர் விழுந்தவர்களுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். 2025-ல் ஜூன் 15 என்று சொன்னது ஆகஸ்ட் 3-க்குப் போனது. தேர்வு முடிந்தால் கவுன்சலிங். அலாட்மென்ட் வந்துவிட்டால் குறித்த தேதிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் என்று நாம் கையெழுத்து வாங்கிய தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஆள் டெல்லியில் இருப்பார். 2025 பிப்ரவரியில் எம்.ஆர்.பி. என்கிற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2600-க்கும் மேற்பட்டவர்களுக்கு அரசு டாக்டர் பணி ஆணை கொடுத்தார்கள். ஊருக்கு நல்ல காரியம். எங்கள் ரோட்டில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அந்த மாதம் ராத்திரி தூக்கம் போயிற்று.

இந்தச் சேவைக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்கள். "அர்ஜென்ட், டியூட்டி டாக்டர் தேவை, கோவில்பட்டி, 8 முதல் 8, சாப்பாடு தங்குமிடம் உண்டு" என்று போட்டால் பத்து நிமிஷத்தில் தனிச்செய்தி வரும். கேள்விகள் எப்போதும் ஒரே வரிசைதான்: ஐ.சி.யூ. உண்டா, இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது) வருமா, ராத்திரி தூங்க முடியுமா. மூன்றாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். ஒத்துக்கொள்கிற ஆளும், பக்கத்து ஊரில் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் ஏழரைக்கு ஃபோனை அணைத்துவிடுவார். குழுவில் அதற்குக் கேட்பார் யாருமில்லை.

இரண்டாவது வழி தரகர். இவர்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தரகர் அனுப்பிய பையன் ஸ்டெத்தோடு வந்து நின்றார், பேச்சும் நன்றாக இருந்தது. ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்டபோது தந்தது ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக நம்பர். வெளிநாட்டில் படித்துவிட்டு, அப்படிப் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுதித் தேறி, இங்கே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்பை இன்னும் முடிக்காதவர். அந்த நம்பரை வைத்து இன்டர்ன்ஷிப் செய்யலாம். ராத்திரி தனியாளாக ஒரு ஆஸ்பத்திரியைப் பார்க்கக் கூடாது, மருந்துச் சீட்டில் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்குப் பணத் தேவை. பஸ் காசு கொடுத்து அனுப்பிவிட்டேன். தரகரைக் கேட்டால், "எல்லா ஆஸ்பத்திரியிலும் எடுத்துக்கிறாங்களே சார், நீங்கதான் ரொம்பப் பார்க்கிறீங்க" என்றார். 2024-ல் கோழிக்கோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எம்.பி.பி.எஸ். முடிக்காதவரே ஆர்.எம்.ஓ. என்கிற டியூட்டி டாக்டராக இருந்து, நெஞ்சுவலி நோயாளி இறந்து, இறந்தவரின் மகன் டாக்டராக இருந்ததால் விஷயம் வெளியே வந்து கைது வரை போனது. அந்தச் செய்தி வந்த அன்று பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் ரிலீவர், அதாவது மாற்று டாக்டர், யார் வந்தாலும் பேப்பர் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த மதுரைச் சேவை. நடத்துகிறவர் ஒரு பெண்மணி. முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எச்.ஆரில் இருந்தவர். கூட இரண்டு பேர். ஆப் கிடையாது, ஆபீஸ் என்று போர்டும் கிடையாது. வாட்ஸ்அப்பும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்தான் கம்பெனி.

முதலில் சேரும்போது ஒரு படிவம் வரும். எத்தனை படுக்கை, ஐ.சி.யூ. உண்டா, வென்டிலேட்டர் உண்டா, பிரசவம் உண்டா, எம்.எல்.சி. என்கிற போலீஸ் கேஸ் எடுப்பீர்களா, ராத்திரி எத்தனை கேஸ் வரும், கூப்பிட்டால் கன்சல்டன்ட், அதாவது பொறுப்பான பெரிய டாக்டர், எத்தனை நிமிஷத்தில் வருவார். கடைசிக் கேள்விக்கு சின்ன டாக்டர் வீடு லட்சுமி மில் பக்கம், பத்து நிமிஷம் என்று எழுதினேன். உடனே ஃபோன். "பத்து நிமிஷம்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் பத்து நிமிஷமா சார்? டாக்டர் ஃபோன் எடுப்பாரா?" என்று கேட்டார். அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ரிலீவருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் யாரை எழுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னார். இந்தக் கேள்வியை அதுவரை ஒரு தரகரும் கேட்டதில்லை.

ஆள் வேண்டும் என்றால் நேரம், எத்தனை மணி நேரம், ஆண் பெண் யாராக இருந்தாலும் சரியா, இவ்வளவு சொன்னால் போதும். "இருபது நிமிஷம் குடுங்க சார்" என்பார். இருபது நிமிஷத்துக்குள் பதில் வந்துவிடும். உண்டு அல்லது இல்லை.

அந்த "இல்லை"க்குத்தான் நான் காசு கொடுக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆறரைக்கு ஆள் இல்லை என்று தெரிந்தால் எனக்குச் செய்ய நாலு வேலை உண்டு. பகல் டியூட்டி டாக்டரைக் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பதினொன்று வரை நிறுத்தலாம். சின்ன டாக்டர் ஓ.பி.யைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிட்டுவந்து இங்கேயே படுக்கலாம். ஐ.சி.யூ.வில் இழுபறியாக இருக்கிற நோயாளியை வெளிச்சம் இருக்கும்போதே திருநெல்வேலிக்கு அனுப்பிவிடலாம். புதிதாக சீரியஸ் கேஸ் எடுக்கவில்லை என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். தரகர்கள் "இல்லை" என்று சொல்லவே மாட்டார்கள். "பார்த்துக்கிட்டே இருக்கேன் சார், ஒருத்தர் சொல்றேன்னிருக்கார்" என்று ஒன்பதரை வரை இழுப்பார்கள். அதற்குள் மேலே சொன்ன நாலு வழியும் அடைபட்டிருக்கும். பகல் டாக்டர் கிளம்பிப் போயிருப்பார், சின்ன டாக்டர் மதுரையில் ஏதோ கல்யாண ரிசப்ஷனில் இருப்பார். இந்த அம்மாள் இழுப்பதில்லை. நீட் பி.ஜி.க்கு முந்தின வாரங்களில் கேட்டால் இருபது நிமிஷம்கூட எடுத்துக்கொள்வதில்லை. "இந்த மாசம் யாரும் கிடையாது சார், ஹவுஸ் சர்ஜனை அனுப்புன்னு மட்டும் கேட்டுராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஹவுஸ் சர்ஜன் என்றால் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருப்பவர்.

உண்டு என்றால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் டாக்டரின் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், டிகிரி சர்டிபிகேட், போட்டோ, ஆதார் நான்கும் வரும். கவுன்சில் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் பெயரும் பதிவான வருஷமும் வந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. அவர்கள் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்றாலும் நானும் பார்க்கிறேன், ஒரு பிரின்ட் எடுத்து ஃபைலில் வைக்கிறேன். ஜே.டி. (மாவட்ட சுகாதார இணை இயக்குநர்) ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு வந்தால் ராத்திரி யார் இருந்தார், சர்டிபிகேட் எங்கே என்று டியூட்டி சார்ட்டோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பி.ஜி. படித்துக்கொண்டிருப்பவர்கள் வெளியே டியூட்டி பார்க்கக் கூடாது என்பதையும் இவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். "ஹைகிரவுண்டில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி) பி.ஜி. பண்றவர், சும்மா ஒரு நைட்" என்று மற்றவர்கள் நீட்டுகிற ஆசை இங்கே கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. எங்கள் டாக்டரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டார். திருநெல்வேலியிலிருந்து ஒரு லேடி டாக்டர் வருவதாக ஏழே காலுக்குப் பதில் வந்தது. பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. ஒருங்கிணைக்கிற அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. "பைபாஸ்ல உங்க ஆம்புலன்ஸ் டிரைவரை நிக்க வைங்க, வண்டி நம்பரை அவங்களுக்கு அனுப்புங்க, ஆட்டோ வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒன்பது மணி சுமாருக்கு டாக்டர் வந்தார். பையை வைத்துவிட்டு நேராக நர்சஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவசர மருந்துகள் வைக்கிற கிராஷ் கார்ட்டைத் திறந்து பார்த்தார். தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பை விரித்து பல்பு எரிகிறதா என்று பார்த்தார். "ஏ.எஸ்.வி. எத்தனை வயல் இருக்கு சிஸ்டர்?" என்று பாம்பு விஷமுறிவு மருந்தைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

பதினொன்றரைக்கு பாம்புக்கடி. மக்காச்சோளக் காட்டில் காவலுக்குப் போன ஆள், கணுக்காலுக்கு மேலே பல் பட்டிருக்கிறது, கொஞ்சம் வீக்கம். ஈறில் ரத்தம் இல்லை, பேச்சு தெளிவு, இமை சரியவில்லை. எங்கள் கரிசல் பக்கம் சுருட்டை விரியனும் உண்டு, கண்ணாடி விரியனும் உண்டு, கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துவிட்டுக் கண்ணாடி டெஸ்ட் டியூப் கேட்டார். சிஸ்டர் லேபிலிருந்து பிளாஸ்டிக் டியூபை நீட்டினார். "இது வேண்டாம், கண்ணாடி. புதுசு. சோப்புப் போட்டுக் கழுவினதும் வேண்டாம்" என்றார். டெக்னீஷியனை எழுப்பிப் பெட்டியைப் பிரித்து ஒன்று எடுத்துவந்தோம். இரண்டு மில்லி ரத்தத்தை அதில் விட்டு ஜன்னல் திண்டில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஃபோனில் இருபது நிமிஷம் வைத்தார்.

அந்த இருபது நிமிஷம் வெளியே கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. "ஊசி போடாம டியூப்பப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, பெரிய டாக்டரக் கூப்பிடுங்க" என்று கடிபட்டவரின் மச்சான் என் சட்டையைப் பிடிக்காத குறை. டாக்டர் தானே வெளியே வந்தார். "அண்ணே, ரத்தம் உறையுதான்னு பாக்குறேன். விஷம் ஏறலேன்னா அந்த ஊசியே அவருக்கு ஆபத்து. ஏறியிருந்தா நான் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன். நீங்க அவர் பக்கத்துல உக்காந்து காலை ஆட்டாம பாத்துக்கோங்க" என்றார். மச்சானுக்கு ஒரு வேலை கிடைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. இருபது நிமிஷம் கழித்து டியூபை மெல்லச் சாய்த்தார். ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடியது. அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தயாராக டிரேயில் வைக்கச் சொல்லிவிட்டு, பத்து வயல் ஏ.எஸ்.வி.யை சலைனில் கலந்து ஏற்றினார். சின்ன டாக்டருக்கு அதற்கு முன்பே ஃபோன் போட்டிருந்தார். அவர் வந்து பார்த்து, சிறுநீர் சரியாகப் பிரிகிறது, இங்கேயே வைத்துப் பார்க்கலாம், குறைந்தால் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தார். காலையில் டியூட்டி மாற்றும்போது மணிக்கணக்கில் எழுதிய குறிப்பு கேஸ் ஷீட்டில் இருந்தது.

எல்லாரும் இப்படி வருவதில்லை. அதே சேவை அனுப்பிய இன்னொருவர் ராத்திரி முழுக்க ரூமை விட்டு வெளியே வரவில்லை. சிஸ்டர்கள் ஃபோனில் கேட்டு ஃபோனிலேயே ஆர்டர் வாங்கினார்கள். புகார் சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லாமல், "இனி உங்களுக்கு அவர் வரமாட்டார்" என்றார்கள். பிறகு அவரை அருப்புக்கோட்டையில் பார்த்ததாக எங்கள் டிரைவர் சொன்னான். ஆக, பட்டியலை விட்டு எடுக்கவில்லை, எங்களுக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். அரை மதிப்பெண் இதில் போயிற்று.

இனி காசு விஷயம். நைட் 12 மணி நேரத்துக்கு டாக்டருக்கு 3000 ரூபாய், 24 மணி நேரத்துக்கு 5500. மூன்று மணி நேரத்துக்குக் குறைவான அவகாசத்தில் கேட்டால் 500 கூடுதல். தீபாவளி, பொங்கல் என்றால் ஆயிரம் கூடுதல். பஸ் செலவு, ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன் எங்களுடையது. சேவைக்கு ஒரு ஷிஃப்டுக்கு 400, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் நாங்கள் கட்டுகிற இந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை, செலவுக் கணக்குதான். டாக்டருடைய பணத்தைக் காலை எட்டு மணிக்கு நாங்களே நேராக ஜிபே செய்துவிட வேண்டும் என்பது இவர்கள் போட்டிருக்கிற விதி. இதை நான் வரவேற்கிறேன். தரகர்கள் பணத்தைத் தாங்கள் வாங்கிவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பதால்தான் நல்ல டாக்டர்கள் ரிலீவர் வேலைக்கே வருவதில்லை. டி.டி.எஸ்., அதாவது நாங்கள் பிடித்துக் கட்டுகிற வருமான வரி, மட்டும் ஒரு சின்னத் தகராறு. ஒரே டாக்டருக்கு வருஷத்தில் 50,000 ரூபாய் தாண்டினால் பத்து சதவீதம் பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வரம்பு 30,000. அடிக்கடி வருகிறவருக்கு இதைப் பிடித்தால் முகம் வாடுகிறது. ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும் தம்பி என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்கிறேன்.

நாம் ரத்து செய்தால் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பாதிப் பணம் கட்ட வேண்டும். டாக்டர் ரத்து செய்தால் அவர்களிடமிருந்து நமக்கு வருவது ஒரு "சாரி சார்". இந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் சாய்ந்த தராசு. கேட்டால், "டாக்டருக்கு ஃபைன் போட்டா அவங்க குரூப்புக்குப் போயிருவாங்க சார்" என்கிறார். உண்மைதான், ஆனால் அது என் கவலை இல்லையே.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் கொல்லப்பட்டார். அந்த மாதம் 17-ம் தேதி டாக்டர்கள் சங்கமான ஐ.எம்.ஏ. நாடு முழுக்க 24 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தது, நாங்களும் ஓ.பி.யை மூடி அவசர சிகிச்சை மட்டும் பார்த்தோம். அதற்குப் பிறகு இந்தச் சேவையின் படிவத்தில் புதுக் கேள்விகள் சேர்ந்தன. டாக்டர் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, பாத்ரூம் ரூமுக்குள்ளேயே உண்டா, வெளியே கேமரா உண்டா, ராத்திரி செக்யூரிட்டி எத்தனை பேர். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். எங்கள் டாக்டர் ரூமின் தாழ்ப்பாளைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "இது குச்சித் தாழ்ப்பாள் சார், தள்ளினா கழன்டுரும். நல்லதா மாத்துங்க" என்று எழுதினார். சின்ன டாக்டர் அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு நல்ல இரும்புத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். அதுவரை எங்கள் சொந்த டியூட்டி டாக்டர்களும் அதே ரூமில்தான் படுத்தார்கள்.

ரிலீவர் போன பிறகு வருகிற தலைவலிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல்வர் காப்பீட்டில் சேர்த்த நோயாளிக்கு ஒரு வாரம் கழித்துக் கேள்வி வரும், சேர்க்கும்போது பி.பி. எவ்வளவு, ஏன் எழுதவில்லை என்று. எழுதாதவர் அப்போது வேறு ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் இருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரியை ரிலீவர் யாரும் தொடுவதில்லை, அது காலையில் சின்ன டாக்டர் தலையில் விழுகிறது. வார்டில் யாராவது இறந்துவிட்டால் மரணக் காரணத்துக்கான ஃபார்ம் 4-ல் கையெழுத்துப் போட ரிலீவர் தயங்குவார். மூன்று மணி நேரம் பார்த்த நோயாளிக்குக் காரணம் எழுத எப்படி மனசு வரும்? தயங்குவதில் தப்பில்லை. அந்த நேரத்தில் சின்ன டாக்டர் வந்துதான் ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது எம்.எல்.சி. விபத்து, விஷம், தீக்காயம் வந்தால் போலீசுக்குத் தகவல் கொடுத்து ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ராத்திரி இருந்த டாக்டர். எங்கள் பக்கம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் இருப்பதால் இந்த மாதிரிக் கேஸுக்குக் குறைவில்லை. வழக்கு நடந்து கோர்ட் சம்மன் வர பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வரும். கையெழுத்துப் போட்டவரை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய தரகர் காலத்து ரிலீவர் ஒருவருக்கு வந்த சம்மனுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, நம்பர் மாறிவிட்டது, தரகரும் தொழிலை விட்டுவிட்டார். இந்தச் சேவையில் டாக்டரின் சொந்த ஊர் விலாசமும் வீட்டில் ஒருவர் நம்பரும் வாங்கிவைத்திருக்கிறார்கள். ஒரு தீக்காயக் கேஸுக்கு சாட்சி சம்மன் வந்தபோது ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அவர் வட இந்தியாவில் பி.ஜி. சேர்ந்திருந்தார், லீவு போட்டு வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. பில்லில் வராத இந்த வேலைக்காகவே நான் மற்றவர்களிடம் சிபாரிசு செய்வேன்.

ஸ்பெஷலிஸ்ட் என்றால் இவர்களிடம் போகாதீர்கள். அனஸ்தடிஸ்ட் (மயக்க மருந்து டாக்டர்) வராத நாளில் கேட்டுப்பார்த்தேன். பட்டியலில் இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னார்கள், இருவரும் அன்று வேறு தியேட்டரில். சிசேரியனுக்கு அனஸ்தடிஸ்டும் குழந்தை டாக்டரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும், அவர்களோடு பழக்கம் வேண்டும், ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டால் திட்டிக்கொண்டாவது வருகிற பழக்கம். அதை வெளியூர்ச் சேவை தர முடியாது. ஐ.சி.யூ.வுக்கும் இதே கதைதான். வென்டிலேட்டரில் ஆள் இருக்கும்போது புது டியூட்டி டாக்டரை நம்பி விடுவதில்லை என்று எங்கள் வீட்டு விதி, அன்று சின்ன டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே படுத்துவிடுவார்.

"24 மணி நேரமும்" என்று அவர்கள் விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பதினோரு மணிக்கு மேல் அடித்தால் அந்த அம்மாளின் தம்பி எடுக்கிறான். மரியாதையான பையன். "காலைல அக்கா பேசுவாங்க சார்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. நள்ளிரவில் டாக்டருக்கே நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "சின்ன டாக்டர் நம்பர் இருக்குல்ல சார்" என்றான்.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ரிலீவர் வருகிற ராத்திரி அனுபவமுள்ள சிஸ்டரைப் போடுங்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறார்: எக்ஸ்ரே டெக்னீஷியன் நம்பர், ரத்த வங்கி நம்பர், எந்த அலமாரியில் எந்த மருந்து, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிற பையன் பெயர், போலீஸ் ஸ்டேஷன் நம்பர், எந்த நோயாளியின் உறவினர் சண்டைக்காரர். கடைசி வரியை மட்டும் பென்சிலில் எழுதுவார், தினமும் மாறும்.

பொங்கலுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் ராத்திரிக்கு ஆள் உண்டு, இருவரும் பழைய ஆட்கள், ரிஜிஸ்ட்ரேஷன் பிரின்ட் ஃபைலில் இருக்கிறது. காணும் பொங்கலுக்கு இல்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். அன்றைக்கு சின்ன டாக்டர்.